ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புப் பூ

தம்பி,

இதை ஆபீஸ்ல ஒக்காந்து வாசிக்காத. ரூமுக்குப் போயிக் கதவைச் சாத்திக்கிட்டு வாசி. போன்லயே சொல்லிரலாம்னுதான் காலையில ரெண்டு தடவை கூப்புட்டேன். நீ எடுத்ததும் "சாப்புட்டியா, பத்திரிகை எல்லாருக்கும் குடுத்துட்டியா"ன்னு கேட்டுட்டு வச்சிட்டேன். ஒனக்கே தெரியும், ஒரு விஷயத்தை நேருக்கு நேரா சொல்லணும்னா நான் சிரிச்சு மழுப்பிருவேன். ரிட்டயர் ஆகுற வரைக்கும் கண்டக்டரா நின்னு, சண்டைக்கு வந்தவனையும் சிரிக்க வச்சு எறக்கிவிட்ட வாய் இது. இந்த விஷயத்துல அந்த வாயை நம்ப முடியாது. அதான் பேப்பர்ல எழுதி, பக்கம் பக்கமாப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறேன். முன்னப்பின்ன மாறி வந்தா மேல நம்பர் போட்டிருக்கேன், பாத்துக்க. விஷயத்தை மொதல்லயே சொல்லிடுறேன். ஒன் கல்யாணத் தேதிய மாத்தச் சொன்னது நம்ம குலசாமின்னு ரெண்டு வீட்டுக்காரங்களும் நம்பிக்கிட்டு இருக்காங்க. மாத்துனது நான்தான்ப்பா. அதுவும் ஒரு ஃபுட்பால் மேட்சுக்காக.

நம்ம அரிமளம் டீமைப் பத்தி ஒனக்குப் புதுசா சொல்லத் தேவையில்ல. லீக்ல எந்த வருசமும் கடைசியில இருந்து எண்ணுனா சீக்கிரம் நம்ம பேரு வந்துரும். மொத நாலு டீம்தான் பிளே ஆஃப் போகும். அந்தப் பக்கம் நாம தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல. இந்த வருசமும் தை பாதி வரைக்கும் அதே லட்சணம்தான். அப்பறம் என்ன ஆச்சோ, மேலத்தெரு பிரபு ஃபார்வர்டா ஆட வந்ததும் ரெண்டு மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சானுக. ரெண்டே ரெண்டுதான். அதுக்கே எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. வீட்டுல கெடந்த பழைய டிக்கெட் பேப்பருக்குப் பின்னாடி கணக்குப் போட ஆரம்பிச்சிட்டேன். இவன் தோத்தா, அவன் டிரா பண்ணுனா, நாம இன்னும் எத்தனை ஜெயிச்சா நாலாவது எடம்னு எப்புடிக் கூட்டிக் கழிச்சாலும் கடைசியில ஒரே மேட்ச்சுல வந்து நின்னுச்சு. மீமிசல்ல போயி மீமிசல் டீமை ஜெயிக்கணும். டிரா ஆனாக்கூட நம்ம கதை முடிஞ்சுது. "பந்து உருண்டா இவரு புத்தியும் கூடவே உருண்டுரும்"னு ஒங்கம்மா என்னையச் சும்மாவா சொல்றா.

அந்த நேரத்துலதான் ஒனக்கும் கவிதாவுக்கும் ஜோசியர் நாள் குறிச்சுக் குடுத்தாரு. ஞாயித்துக்கிழமை, நல்ல முகூர்த்தம், மண்டபமும் காலியா இருந்துச்சு. கவிதாவுக்கு அப்பா இல்ல. அண்ணன் முருகேசன்தான் சின்ன வயசுலயே சவூதிக்குப் போயி அவளைப் படிக்க வச்சு ஆளாக்குனவன். அவன் கையால தாரை வார்த்துக் குடுக்கணும்னு அந்தப் பிள்ளை ஆசைப்பட்டுச்சு. அவனும் அந்தத் தேதியத்தான் சொல்லி லீவு கேட்டு வச்சிருந்தான். எல்லாரும் தலையாட்டுனாங்க. நான் மட்டும் ஒரு ஓரமா நின்னு போன்ல லீக் அட்டவணையைப் பாத்தேன். அதே ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, மீமிசல் கிரவுண்டு.

காலையில தாலி கட்டு, சாயங்காலம்தானே மேட்ச்னு நீ கேப்ப. மாப்பிள்ளைக்கு அப்பன் சம்பந்தி வீட்டு ஆளுகளை மண்டபத்துல விட்டுட்டு மீமிசலுக்கு பஸ் ஏறுனா ஊரு காறித் துப்பாதா? அதோட டீம்ல பாதிப் பேரு நம்ம பங்காளி வீட்டுப் பயலுக. எலை போடுறதும் சாம்பார் வாளி தூக்குறதும் அவனுகதான். மத்தியானம் வரைக்கும் பந்தியில ஓடிட்டு, அதுக்கு மேல கிரவுண்டுல எங்கிட்டு ஓடுவானுக? இப்புடியெல்லாம் எனக்கு நானே நியாயம் கட்டிக்கிட்டேன். வாயைத் தொறந்து "அன்னைக்கு எனக்கு ஒரு மேட்ச் இருக்கு, தேதியக் கொஞ்சம் நகத்தலாமா"ன்னு கேட்டிருக்கலாம். சிரிச்சிருப்பாங்க, ஒங்கம்மா நாலு ஏச்சு ஏசியிருப்பா, அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு வெக்கப்பட்டுத்தான் இன்னைக்கு இவ்வளவு பெரிய வெக்கத்துல வந்து நிக்கிறேன்.

நம்ம வீட்டுல எந்தக் கல்யாணம்னாலும் நாள் குறிச்சதும் குலசாமிகிட்ட பூக்கட்டிப் பாக்குறது வழக்கம்தானே. வெள்ளை அரளிய ஒரு வாழை எலைக் கிழிசல்லயும் செவப்பு அரளிய இன்னொரு கிழிசல்லயும் மடிச்சு, நூல் சுத்தி, ரெண்டையும் சாமி காலடியில வைக்கணும். வெவரம் தெரியாத பிள்ளை ஒண்ணு வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளைன்னா சாமிக்குச் சம்மதம். செவப்புன்னா வேணாம்னு அர்த்தம். அன்னைக்குப் பூ நான் கட்டுறேன்னு சொல்லிட்டுக் கொல்லைப் பக்கம் போயி ஒக்காந்தேன். வெள்ளை அரளியும் பறிச்சுத்தான் வச்சிருந்தேன் தம்பி. கையில எடுத்துக் கொஞ்ச நேரம் பாத்தேன். அப்பறம் அதை வேலியோரம் வீசிட்டு, ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பையே வச்சுக் கட்டுனேன்.

கோயில்ல ஒங்கம்மா கண்ணை மூடிக்கிட்டு நின்னா. கவிதாவோட அம்மாவும் சித்தப்பாவும் கைகூப்பி நின்னாங்க. பூசாரி பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்துக் குடுத்துச்சு. பிரிச்சாரு, செவப்பு. எல்லாரு மொகமும் செத்துப் போச்சு. "சரி, சாமி உத்தரவு, அதுக்கு அடுத்த ஞாயிறு வச்சுக்குவோம், அன்னைக்கும் முகூர்த்தம்தான்"னு நான்தான் மொதல்ல வாயைத் தொறந்தேன். யாரும் தொடுறதுக்குள்ள இன்னொரு பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். "முருகேசு லீவு அதுக்கு முந்துன வெள்ளிக்கிழமையோட முடியுதே, ஞாயித்துக்கிழமைன்னா எப்புடிங்க?"ன்னு சித்தப்பா தயங்குனாரு. "ரெண்டு நாள் சேத்துக் குடுக்க மாட்டானா கம்பெனிக்காரன்?"னு சொன்னேன். சொன்ன வாய்க்கு என்ன, ஈசியா சொல்லிருச்சு.

கம்பெனிக்காரன் குடுக்கல. முருகேசன் ஊருக்கு வந்த பின்னாடியும் போன் போட்டுக் கெஞ்சிப் பாத்தான். வெள்ளிக்கிழமை ஃபிளைட்டுல ஏறலைன்னா வேலை போயிரும்னு முடிவாச் சொல்லிட்டாங்க. அந்தச் சேதி கேட்டு ஒங்கம்மா கவிதாவுக்கு போன் பண்ணி ஆறுதலாப் பேசுனப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். "சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தை. தாரை வார்க்கச் சித்தப்பா இருக்காருல்ல"ன்னு அந்தப் பிள்ளை சொன்னது ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. வச்ச பின்னாடி ஒங்கம்மா அழுதா. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன்.

பொய் எனக்கு அன்னைக்குப் புதுசா வரல. நீ மூணாப்புப் படிக்கிறப்ப ஸ்கூல் ஆண்டு விழாவுல போலீஸ் வேசம் போட்டியே, ஞாபகம் இருக்கா? டூட்டி முடிஞ்சு நேரா வந்திருந்தா மொத ஆளா வந்திருப்பேன். வழியில ஒரு பொட்டல்ல பயலுக வெளையாண்டுக்கிட்டு இருந்தானுக. அஞ்சு நிமிசம்னு நின்னேன். வந்து சேந்தப்ப நீ மீசையக்கூட அழிச்சிருந்த. பஸ் பிரேக் டவுன்னு சொன்னேன். நீ நம்பிட்டு, மறுநாள் டீச்சர்கிட்டயே போயி "எங்கப்பா பஸ்ஸு நடுரோட்டுல நின்னுருச்சு, எங்கப்பாதான் தள்ளுனாரு"ன்னு பெருமையாச் சொல்லியிருக்க. தள்ளுனேன்னு நான் சொல்லவே இல்ல, அதை நீயாச் சேத்துக்கிட்ட. ஒங்கம்மாதான் என் காக்கிப் பேன்ட்டுல அந்தப் பொட்டல் ஒட்டுப்புல்லு ஒட்டியிருந்ததப் பாத்துட்டு ஒவ்வொண்ணாப் பிச்சுப் போட்டா. நம்புற ஆளுகிட்ட பொய் சொல்றது எவ்வளவு லேசுன்னு அன்னைக்குக் கத்துக்கிட்டேன்னு நெனைக்கிறேன். வெக்கப்படக் கத்துக்கல.

நேத்து அந்த ஞாயித்துக்கிழமை. இதுக்கு நடுவுல நம்ம டீம் ஒரு மேட்ச் கூடத் தோக்கல, அதையும் சொல்லணும். கோயிலுக்குப் போட்டுட்டுப் போன நீலச் சட்டையத்தான் ஒவ்வொரு மேட்சுக்கும் போட்டேன். தொவைக்கக் குடுக்கல. பையில அந்தப் பொட்டலம் காஞ்சு கெடந்துச்சு. அதைத் தூக்கிப் போட்டா டீம் தோத்துருமோன்னு ஒரு பயம். எவ்வளவு கேடுகெட்ட புத்தி பாரு. சாமிய ஏமாத்துன பூவையே ராசின்னு சுமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். மத்தியானம் மீமிசலுக்குக் கெளம்பி பஸ்ஸுக்கு நிக்கிறேன், முருகேசன் பைக்குல வந்து நிக்கிறான். "மாமா, மேட்சுக்குத்தானே? ஏறுங்க. வீட்டுல இருந்தா, இன்னைக்கே கல்யாணம்னா இந்நேரம் என்ன நடந்துக்கிட்டு இருக்கும்னே மனசு ஓடுது. அதான் ஒங்க கூட வாரேன்"னான். என்ன சொல்லித் தட்டிக் கழிக்க முடியும்? ஏறி ஒக்காந்தேன்.

அவனுக்கு ஃபுட்பால்ல ஒண்ணும் தெரியாது. "கையில தொட்டா தப்பா மாமா? அப்ப அந்தாளு மட்டும் கையில புடிக்கிறாரு?"ன்னு கோல்கீப்பரைக் காட்டிக் கேட்டான். ஒரு தடவை எதிர் டீமுக்குக் கை தட்டிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டான். வெள்ளரிப் பிஞ்சு வாங்கி மொளகாப் பொடி தூவி எனக்குத்தான் மொதல்ல நீட்டுனான். கடல் காத்து பந்தை இங்கிட்டும் அங்கிட்டும் அலக்கழிக்குது, ரெண்டு பக்கமும் கோல் இல்ல. இன்னும் பத்து நிமிசம்தான் இருக்கு, டிரா ஆனாப் போச்சு. அப்பத்தான் கார்னர் கெடைச்சுச்சு. பந்து காத்துல வளைஞ்சு வந்துச்சு, பிரபு எகிறித் தலையில வாங்கி உள்ள போட்டான் பாரு! அய்யோ தம்பி, எத்தனை வருசம் காத்திருந்த கோல் அது! அதுக்கு மேல அவனுகளால ஒண்ணும் பண்ண முடியல, நாம ஜெயிச்சிட்டோம். நான் கத்துறதுக்குள்ள முருகேசன் என்னைய அலாக்காத் தூக்கிட்டான். அவன் நெஞ்சுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவுல அந்தப் பொட்டலம் நொறுங்குச்சு. எறக்கிவிட்டு, "பையில என்ன மாமா, சருகாட்டம் நொறுங்குது?"ன்னு கேட்டான். "துன்னூறுப் பொட்டலம்ப்பா"ன்னேன். அந்த எடத்துலயும் பொய்.

மைக்குல அறிவிச்சாங்க. அரிமளம் நாலாவது எடம், பிளே ஆஃப். செமி ஃபைனல் வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி. வர்ற ஞாயிறு, ஒன் கல்யாணம். நான் பொய் சொல்லி, ஒதுக்கி, மாத்தி வச்ச அதே ஞாயிறு. சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல. அப்பவும் ஒரு கண்ணிமைக்குற நேரம், தாலி கட்டு முடிஞ்சு, சாப்பாடு முடிஞ்சு, பைக்குல போனா நாலு மணிக்குள்ள போயிரலாமான்னு மனசு கணக்குப் போட்டுச்சு. அதையும் மறைக்காம எழுதிடுறேன்.

திரும்பி வர்றப்ப முருகேசன் ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னான். "இன்னைக்குத்தான் தாரை வார்த்திருப்பேன் மாமா. சவூதி ரூம்ல பசங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு வந்தேன். பரவால்ல. ஒங்க டீம் ஜெயிச்சதுல மனசு கொஞ்சம் ஆறிருச்சு. ஞாயித்துக்கிழமை நான் இல்லன்னா என்ன, நீங்க இருக்கீங்கள்ல. அவளை எங்கப்பா மாதிரிப் பாத்துக்கங்க." நான் அவன் முதுகுக்குப் பின்னாடி ஒக்காந்திருந்தேன். நல்லவேளை, அவனால என் மூஞ்சியப் பாக்க முடியல.

இன்னைக்குக் காலையில எந்திரிச்சதும் ஜோசியர் வீட்டுக்குப் போனேன். வர்ற வியாழக்கிழமையும் முகூர்த்தம்தான். வேலை நாள்னுதான் அன்னைக்கு யாரும் அதை எடுத்துக்கல. வியாழக்கிழமை காலையில கவிதா ஊரு முருகன் கோயில்ல தாலி கட்டிரலாம், முருகேசன் தாரை வார்த்துட்டு வெள்ளிக்கிழமை ஃபிளைட் ஏறலாம். பத்திரிகை குடுத்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மண்டபத்துல வரவேற்பும் சாப்பாடும் வச்சிக்கலாம். கையில வழி இருக்கு. ஆனா ஏன் திடீர்னு மாத்துறீங்க, சாமி செவப்பு குடுத்த பின்னாடி இஷ்டத்துக்கு நாள் வைக்கலாமான்னு கேட்டா, உள்ளதைச் சொல்லாம வேற பதில் இல்ல. அதோட இன்னொண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை செமி ஃபைனல்னு ஊருக்கே தெரியும். இப்பப் போயி கல்யாணத்தை வியாழக்கிழமைக்கு மாத்துவோம்னு நான் சொன்னா, ஒங்கம்மா என்ன நெனைப்பா? நீ என்ன நெனைப்ப? வாழ்க்கையில ஒரு தடவை யோக்கியமா ஒரு காரியம் பண்ணலாம்னு பாத்தா, அதுவும் அதே திருட்டுத்தனம் மாதிரியே தெரியுது. இப்புடி வந்து மாட்டிக்கிட்டேன்.

முருகேசனை பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வரச் சொன்னேன். டீ வந்துச்சு. சட்டைப் பையில இருந்த பொட்டலத்தை எடுத்து பெஞ்சுல வச்சுப் பிரிச்சேன். காஞ்சு கருகிப் போயிருந்தாலும் செவப்புன்னு தெரிஞ்சுச்சு. "இது அன்னைக்கு எடுக்காத பொட்டலம்ப்பா. இதுலயும் செவப்புதான். நான்தான் கட்டுனேன். நேத்து மேட்சுக்காக"ன்னு சொன்னேன். அவனுக்குப் புரிய நேரமாச்சு. புரிஞ்சதும் டீ கிளாசைக் குடிக்காமயே கீழ வச்சான். "சாமிகிட்டயா மாமா?"ன்னு மட்டும் கேட்டான். கோவமா ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன். அப்பறம், "மேட்ச் இருக்குன்னு சொல்லியிருந்தா லீவை முன்னாடியே போட்டு அதுக்கு முந்துன வாரம் வச்சிருக்கலாமே மாமா"ன்னான். எனக்கு அங்கயே மண்ணுக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. வியாழக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். "எனக்குச் சம்மதம். ஆனா தங்கச்சிகிட்டயும் அம்மாகிட்டயும் நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்"னுட்டான். நியாயந்தானே.

இதை அனுப்பிட்டு ஒங்கம்மாகிட்ட சொல்லப் போறேன். வெளக்குமாத்தை எடுத்தாலும் வாங்கிக்குவேன். அவளையும் கூட்டிக்கிட்டு சாயங்காலமே கவிதா வீட்டுக்குப் போயி, கவிதா மொகத்தைப் பாத்தே சொல்லப் போறேன். அந்தப் பிள்ளை என்னைய மன்னிக்கணும்னு நான் கேக்கப் போறதில்ல, அதைக் கேக்குற தகுதி எனக்கு இல்ல. வியாழக்கிழமைக்குச் சம்மதம் மட்டும் கேப்பேன். அவங்க சரின்னா ஒடனே போன் பண்றேன், நீ லீவு சொல்லிட்டு புதன்கிழமையே இங்க இருக்குற மாதிரி வா. வர மனசு இல்லைன்னா என்கிட்ட பேசாம ஒங்கம்மாகிட்ட பேசு, நான் தப்பா நெனைக்க மாட்டேன். கல்யாணம் கட்டப்போற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்லணும்பாங்க. எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ஆனாலும் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நாளைக்குக் கவிதாகிட்ட ஒனக்கு எதாவது வேணும்னா, எனக்கு ஆசையா இருக்குன்னு சொல்லிக் கேளு. அற்ப ஆசையா இருந்தாலும் கேளு. சாமி சொல்லுச்சு, ஆபீஸ்ல சொன்னாங்க, பஸ் நின்னுருச்சுன்னு அடுத்தவங்க தலையில ஏத்தாத. அவ சிரிச்சா நீயும் கூடச் சேந்து சிரிச்சிட்டுப் போ.

முருகேசன் டீக்கடையில இருந்து கெளம்பி பைக்கை ஸ்டார்ட் பண்ணான். பண்ணிட்டு ஆஃப் பண்ணான். திரும்பிப் பாத்து, "ஞாயித்துக்கிழமை செமி எத்தனை மணிக்கு மாமா?"ன்னு கேட்டான். அக்கறையா கேட்டானா, இதுவும் மேட்சுக்காகத்தானான்னு கேட்டானா, எனக்குத் தெரியல. அப்புடிக் கேக்க அவனுக்கு எல்லா உரிமையும் இருக்கு. ஒனக்கும் இருக்கு. அவன்கிட்ட சொன்னதையே ஒனக்கும் சொல்றேன். செமி நாலு மணிக்கு. மண்டபத்துல வரவேற்பும் நாலு மணிக்குத்தான். மேடையில நின்னுக்கிட்டே வாசல் பக்கம் ஒரு பார்வை பாரு தம்பி. நான் சந்தனக் கிண்ணத்தோட நின்னுக்கிட்டு இருப்பேன்.

ஒங்கப்பா